ஆறாத வடுவும் மீண்டெழும் ஆற்றலும்
– தொல்குடி மக்கள் நோக்கில் சமூகப்பணிக் கல்வி –

காவிரி பாயும் தஞ்சைத் தரணியைச் 'சோழ வளநாடு' என்றும் 'தென்னகத்தின் நெற்களஞ்சியம்' என்றும் போற்றிக் கட்டுரை தொடங்குவது நம் துறை மலர்களில் வழக்கமாகிவிட்ட ஒன்று. நானும் பலமுறை அவ்வாறு தொடங்கியவன்தான். இம்முறை, அந்த நெல்வயல்களின் ஓரத்தில், வாய்க்கால் மேட்டிலும் புகைவண்டி நிலையத்தின் பின்புறத்திலும் குடிசை போட்டு வாழ்ந்தவர்களைப் பற்றி எழுத நேர்ந்திருக்கிறது. அதற்குக் காரணம் என் வகுப்பில் அமர்ந்திருந்த ஒரு மாணவி.

ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், இளங்கலை வகுப்பில் குறவஞ்சி இலக்கியம் நடத்திக்கொண்டிருந்தேன். சிங்கன் பறவை பிடிக்கும் பகுதியையும், சிங்கியைத் தேடித் திரியும் பகுதியையும் ஓரளவு நடித்தும் காட்டினேன். வகுப்பு வயிறு குலுங்கச் சிரித்தது. மாணவர் சிரித்தால் பாடம் நன்றாக நடந்தது என்று எண்ணும் பலவீனம் ஆசிரியர்களுக்கு உண்டு. எனக்கும் இருந்தது. மறுவாரம் அம்மாணவி ஆசிரியர் அறைக்கு வந்து, தான் அந்தக் குலத்தில் பிறந்தவள் என்று தயக்கத்துடன் சொன்னாள். "பாடத்தை நடத்த வேண்டாம் என்று சொல்லவில்லை ஐயா. நடத்தும்போது எங்கள் தாத்தா ராத்திரி ராத்திரியாகச் சாவடியில் போய்ப் படுத்த கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்" என்றாள்.

அந்தச் சாவடிக் கதை அப்போது எனக்குத் தெரியாது. முதுகலையில் குறவஞ்சியை ஒரு தாளாகவே படித்துத் தேர்ந்தவன், தெரியாது என்று அவளிடம் ஒப்புக்கொள்ளவும் கூசினேன். அம்மாணவி பின்னர் சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்று, இன்று அத்துறையிலேயே பணி செய்கிறாள். அவளோடு இத்தனை ஆண்டுகள் பேசியும் படித்தும் அறிந்தவற்றின் ஒரு பகுதியே இக்கட்டுரை.

குறவஞ்சி ஆடிய ஊர்

தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் இயற்றியது சரபேந்திர பூபாலக் குறவஞ்சி. பெரிய கோயில் திருவிழாவில் அது ஆண்டுதோறும் ஆடப்பட்டு வந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரையிலும் அம்மரபு நீடித்தது. திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியைச் சொல்லவே வேண்டா. நம் இசுலாமியத் தமிழ்ப் புலவர்களும் இவ்வடிவத்தை விரும்பிக் கையாண்டார்கள். தக்கலைப் பீர்முகம்மது அப்பா அவர்கள் மெய்ஞ்ஞானப் பொருளைச் சொல்வதற்குக் குறம் என்னும் வடிவத்தையே தேர்ந்து 'ஞானக்குறம்' பாடினார்கள். மலைவளம் கூறுபவளாகவும், வருவது உரைப்பவளாகவும், ஞானம் பேசுபவளாகவும் குறத்தி தமிழ் மேடையில் உயர்ந்து நின்றாள்.

அதே காலத்தில் மேடைக்கு வெளியே நடந்தது வேறு. 1871-ஆம் ஆண்டு வட இந்தியாவில் ஆங்கிலேயர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் வழியே சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. குறவர்களின் பல பிரிவுகள் அதன் கீழ்க் கொண்டுவரப்பட்டன. ஒரு குலத்தையே குற்றக் குலம் என்று அரசு அறிவிக்கலாம். அந்த அறிவிக்கையை எதிர்த்து நீதிமன்றம் செல்ல வழியில்லை. ஆண்களின் பெயரும் கைரேகையும் பதிவேட்டில் ஏறும். அதனால்தான் ஊர்வழக்கில் அதற்குக் கைரேகைச் சட்டம் என்று பெயர். ஊரைவிட்டு வெளியே போகச் சீட்டு வேண்டும். இரவில் அதிகாரியின் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் முகம் காட்ட வேண்டும். மாணவியின் தாத்தா சாவடியில் படுத்தது இதனால்தான். திருடியவன் எவனோ, அதனைக் கண்டுபிடிக்கும் தொல்லை காவலருக்கு வேண்டாம் என்பதற்காகப் பிறந்த குழந்தையையும் வருங்காலத் திருடனாக எண்ணியது அச்சட்டம். பெரிய கோயிலில் நாட்டியப் பெண் குறத்தி வேடம் பூண்டு குறி சொல்ல, உண்மைக் குறத்தியின் கணவன் கைநாட்டு வைக்க வரிசையில் நின்றான். இரண்டும் ஒரே காலத்தவை.

இம்மக்கள் இந்நிலைக்கு வந்தது எப்படி என்பதை வரலாற்றறிஞர் மீனா ராதாகிருஷ்ணா விரிவாக ஆராய்ந்திருக்கிறார். குறவர்களில் ஒரு பெரும் பிரிவினர் கடற்கரை உப்பையும் தானியத்தையும் மாட்டிலும் கழுதையிலும் பொதியேற்றி உள்நாட்டுக்குக் கொண்டு சென்று விற்றவர்கள். சங்க இலக்கியம் காட்டும் உமணர்களை இங்கே நினைவு கூர்வது பொருந்தும். இருவரையும் நேர்க்கோட்டில் இணைத்துவிடுவது ஆய்வுக்கு ஏலாது எனினும், தொழில் ஒன்றே. பின்னர் உப்பின்மீது அரசின் தனியுரிமையும் வரியும் இறுகின. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சை வழியே திருச்சிராப்பள்ளி வரை 1862-க்குள் இருப்புப்பாதை போடப்பட்டது. பொதிமாட்டுக்கு வேலை இல்லாமற்போயிற்று. வேலை இழந்து அலைந்த வணிகர்கள் அரசின் கண்ணுக்கு 'நாடோடிகள்' ஆனார்கள். நாடோடி என்றால் ஐயத்துக்குரியவன் என்பது அக்கால ஆட்சியாளரின் இலக்கணம். இன்றும் தஞ்சை, நாகை, திருவாரூர் மாவட்டங்களுக்கு உரிய சீர்மரபினர் பட்டியலில் 'உப்புக்குறவர்' என்ற பெயர் நிற்கிறது. 1930-இல் இராசாசி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்குத் தொண்டர்கள் நடந்ததை ஆண்டுதோறும் நினைக்கிறோம். அதே உப்பு வழியில் தலைமுறை தலைமுறையாக நடந்து, வழியும் பிழைப்பும் பறிபோனவர்களை எண்ணுவதில்லை.

சட்டத்தின் கொடுமை குறவர்களோடு நிற்கவில்லை. கைரேகை பதிய மறுத்த பிரமலைக் கள்ளர்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் மாண்டனர். தென்னாற்காட்டில் அஜீஸ் நகர் போன்ற குடியிருப்புகளில் குறவர்கள் அடைக்கப்பட்டனர். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளிகளில் வைக்கவும் அச்சட்டம் இடம் தந்தது. சென்னை மாகாணத்தில் 1947-லும், நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31-லும் அது நீங்கியது. ஆனால் 1948-லேயே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று இங்கே வந்துவிட்டது. பெயர் மாறிற்று, காவல் நிலையத்தின் பழக்கம் மாறவில்லை. 1993-இல் விருத்தாசலம் பகுதியில் திருட்டுக் குற்றம் சாட்டிக் காவல் நிலையத்தில் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கை, 2021-இல் வெளிவந்த 'ஜெய் பீம்' திரைப்படத்தின் வழியே பலர் அறிந்தார்கள். படத்தில் இருளராகக் காட்டப்பட்ட அவர் உண்மையில் குறவர் குலத்தவர். சிறைக் கையேடுகளில் சாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகள் செல்லா என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2024 அக்டோபர் 3-இல்தான். அத்தீர்ப்பில் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் நிழல் இன்னும் நீள்வது பேசப்பட்டிருக்கிறது.

புண்ணும் வடுவும்

புண் வேறு, வடு வேறு என்பதை வள்ளுவர் அறிவார். தமிழ் மாணவர் அனைவரும் அறிவர். மனத்தில் ஏற்படும் பேரதிர்ச்சியை உளவியலார் ஆராயத் தொடங்கியபோது முதலில் தனிமனிதரையே நோக்கினர். போரிலிருந்து மீண்ட வீரனின் உறக்கமின்மை, விபத்தில் தப்பியவரின் நடுக்கம் ஆகியவற்றுக்கு 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் முறையான பெயர் சூட்டிப் பட்டியலில் சேர்த்தது. ஒருவருக்கு ஒரு நாளில் நேர்ந்த ஒன்று என்பதே அதன் அடிப்படை. ஒரு குலத்துக்கு நூறாண்டுகளாக நேர்ந்ததை அப்பட்டியலில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இவ்வினாவை எழுப்பியவர் ஒரு சமூகப்பணியாளர். வட அமெரிக்கத் தொல்குடிகளாகிய லகோட்டா மக்களில் பிறந்த மரியா எல்லோ ஹார்ஸ் பிரேவ் ஹார்ட் என்னும் அம்மையார் அவர். 1890 டிசம்பர் 29-இல் வூண்டட் நீ என்னுமிடத்தில் அமெரிக்கப் படையினர் லகோட்டா மக்களில் ஆண், பெண், குழந்தை என்று பாராமல் இருநூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றனர். இறந்தோருக்காக முறைப்படி துக்கம் காக்கவும் இயலாமற்போயிற்று. அவர்தம் சமயச் சடங்குகள் பலவும் தடுக்கப்பட்டிருந்த காலம் அது. ஆற்றப்படாத அந்தத் துக்கம் பேரப்பிள்ளைகளின் குடிப்பழக்கத்திலும் தற்கொலையிலும் தன்னிகழ்விலும் வெளிப்படுகிறது என்று அம்மையார் எண்ணினார். இதனை 'வரலாற்று மனவடு' என்று நாம் சொல்லலாம். 1992-இல் தம் இனத்துச் சேவைப் பணியாளர்களைக் கூட்டிச் சில நாள் பயிற்சி ஒன்று நடத்தினார். நடந்ததை நேர்கொண்டு பார்த்தல், அதனைப் புரிந்துகொள்ளல், வலியை வெளிவிடுதல், அதனைக் கடந்து செல்லல் என நான்கு படிகளை வகுத்தார். பிறருக்கு மருந்து தரும் முன், பணியாளர்களே தம் வடுவைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று தொடங்கியது அவர் பயிற்சி. எனக்கு மிகவும் பிடித்தது இந்தத் தொடக்கம்தான்.

கனடாவில் தொல்குடிப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,50,000 பேர் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு உறைவிடப் பள்ளிகளில் வைக்கப்பட்டனர். தாய்மொழி பேசினால் தண்டனை. அதனை ஆராய்ந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015-இல் 94 பரிந்துரைகள் வழங்கியது. அவற்றுள் முதலாவதே குழந்தைகள் நலம் பற்றியது. குழந்தைகள் தொடர்பான விசாரணைக்குச் செல்லும் சமூகப்பணியாளர்கள் உறைவிடப் பள்ளிகளின் வரலாற்றையும் விளைவையும் முறையாகக் கற்றிருக்க வேண்டும் என்று அது கூறுகிறது. காரணம் உண்டு. பிள்ளைகளைத் தொல்குடி வீடுகளிலிருந்து பிற்காலத்தில் தூக்கிச் சென்றவர்களில் சமூகப்பணியாளர்களும் இருந்தார்கள். காயப்படுத்திய கைகளிலேயே மருந்தும் இருக்கும்போது, கையைக் கழுவாமல் கட்டுப் போட முடியாது. ஆஸ்திரேலியாவில் 1997-இல் வந்த அறிக்கையும் இதே துயரைப் பேசிற்று. நம் நாட்டுச் சட்டத்திலும் பிள்ளைகளைப் பிரிக்கும் விதி இருந்தது என்பதை மேலே கண்டோம். கனடாவை எண்ணி வருந்தும் நாம் அஜீஸ் நகரை எண்ணி வருந்தியதுண்டா?

ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் முன்னோர் பட்ட துயரின்மேல் சுமத்திவிடுவதில் இடர் இருக்கிறது. ஒரு குடும்பம் இன்று கடனில் மூழ்குவதற்கு 1911-ஐ மட்டும் காரணமாக்கினால், இன்று வட்டி வாங்குபவன் தப்பித்துக்கொள்வான். அதுபோலவே 'மீண்டெழும் ஆற்றல்' என்னும் சொல்லும். ஹவாயின் கவாய்த் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளைப் பல்லாண்டு தொடர்ந்து ஆராய்ந்தார் எம்மி வெர்னர். வறுமையிலும் குடும்பச் சிக்கலிலும் வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல முறையில் உருவானதைக் கண்டார். அவர்கள் அருகில் பெற்றோரோ, பாட்டியோ, ஆசிரியரோ, அக்கறை கொண்ட யாரேனும் ஒருவர் இருந்தார் என்பதும் அவர் கண்டதே. இப்பின்பகுதியை விட்டுவிட்டு முன்பகுதியை மட்டும் மேற்கோள் காட்டுவோர் பலர். வெள்ளத்தில் மூழ்கிய நாற்று மீண்டும் தூர் கட்டும் என்பது உண்மை. தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டினால்தான் கட்டும் என்பது நம் விவசாயிகளுக்குத் தெரியும்.

நம் மண்ணின் பாடம்

இந்தியாவில் சமூகப்பணியை முறையான படிப்பாகக் கற்பித்தல் 1936-இல் பம்பாயில் சர் தோராப்ஜி டாட்டா பட்டமேற்படிப்புப் பள்ளியுடன் தொடங்கியது. அதுவே இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் 1952-இல் சமூகப்பணிப் பள்ளி எழுந்தது. கற்பித்த முறையும் நூல்களும் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. மேரி ரிச்மண்டின் 1917-ஆம் ஆண்டு நூல் தொடங்கி, ஒரு மனிதர், அவர் சிக்கல், அதற்குத் தீர்வு என்னும் வழியில் அமைந்தவை. குற்றப் பரம்பரைச் சட்டம் நடைமுறையில் இருந்த நாட்டில், அச்சட்டத்தைத் தொடாமலே குற்றவாளிகளைச் சீர்திருத்தும் பாடம் நடத்த முடிந்தது என்பதே அந்த அமைப்பின் குறை. பிற்காலத்தில் டாட்டா நிறுவனத்தில் தலித் மற்றும் பழங்குடியினர் குறித்த சமூகப்பணி முதுகலைப் படிப்பு தனியே ஏற்பட்டது. அம்மக்களின் பார்வையிலிருந்தே சமூகப்பணியை நோக்க வேண்டும் என்ற கருத்து அங்கே வலுவாகப் பேசப்பட்டு வருகிறது.

என் மாணவி தன் இரண்டாண்டுப் படிப்பைப் பற்றிச் சொன்னவற்றில் ஒன்று மறக்க இயலாதது. வாரத்தில் இரண்டு நாள் களப்பணி. முதல் நாள் ஒரு குடியிருப்புக்கு அனுப்பினார்கள். கையில் அச்சிட்ட படிவம். பெயர், வயது, குடும்பத் தலைவர், தொழில், வருமானம், குடிப்பழக்கம் உண்டா, வழக்கு ஏதும் உண்டா. படிவத்தைக் கண்டதும் ஒரு மூதாட்டி எழுந்து உள்ளே சென்று கதவைச் சார்த்திக்கொண்டார். உடன் வந்த தோழியர் 'ஒத்துழைப்பு இல்லை' என்று குறிப்பேட்டில் எழுதினர். பெயர் எழுதி, தொழில் எழுதி, வழக்கு எழுதி, இறுதியில் விரல் பதித்த காலத்தை அம்மூதாட்டி தம் பெற்றோர் வழியே அறிந்தவர் என்பது மாணவிக்கு மட்டுமே விளங்கியது. குறிப்பேட்டில் அவள் என்ன எழுதினாள் என்று கேட்டேன். "எழுதவில்லை ஐயா, அன்றைக்கு மதிப்பெண் குறைந்தது" என்றாள்.

இதுவே நான் சொல்ல விரும்பும் பயிற்சியின் கரு. தொல்குடி மக்களிடம் பணி செய்யச் செல்பவர் அவர்களைப் பற்றி அரசு எழுதி வைத்த காகிதங்களின் வரலாற்றை முதலில் கற்க வேண்டும். சாதிச் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். குறவன், சித்தனார் என்னும் பெயர்கள் பட்டியல் சாதியினரில் உள்ளன. குறவர்களின் பல உட்பிரிவுகள் சீர்மரபினரில் உள்ளன. அண்ணனுக்கு ஒரு சான்றிதழ், தம்பிக்கு வேறொன்று என்று ஆவதும் உண்டு. நரிக்குறவர் இவர்களினின்றும் முற்றிலும் வேறானவர். வாக்ரிபோலி என்னும் வட இந்தியக் கிளைமொழி பேசுபவர். பெயர் ஒற்றுமையால் இருவரையும் ஒன்றாக்கிப் பேசுவது படித்தவர்களிடமும் காணும் பிழை. வேட்டையாடி வாழ்ந்த நரிக்குறவர்க்கு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் ஊசிமணி, பாசிமணியே கதியாயிற்று. நெடுங்காலம் கோரிய பழங்குடித் தகுதியை 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவின் வழியே பெற்றனர். தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலில் 37-ஆவதாக இன்று அவர்கள் பெயர் நிற்கிறது. தேவராயநேரியில் உள்ள அவர்தம் குடியிருப்பைத் திருச்சி சென்ற மாணவர் பலரும் கண்டிருக்கக்கூடும்.

காவிரிப் படுகையில் மலை இல்லை, ஆகவே பழங்குடியும் இல்லை என்பது நம்மவர் பலரின் எண்ணம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழகப் பழங்குடியினர் 7,94,697 பேர், மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒன்றைச் சற்றே தாண்டுவர். பெரும்பாலோர் நீலகிரி, கல்வராயன், கொல்லி, ஏற்காடு முதலிய மலைப்பகுதிகளிலும் வட மாவட்டங்களிலும் வாழ்கின்றனர். எனினும் நம் வீதியில் மாட்டுக்குப் பட்டுத்துணி போர்த்தி மேளம் தட்டி வருபவரைப் 'பூம்பூம் மாட்டுக்காரர்' என்கிறோமே, அவர்கள் தங்களை 'ஆதியன்' என்றே சொல்லிக்கொள்கின்றனர். அது பழங்குடிப் பட்டியலில் உள்ள பெயர். அச்சான்றிதழைப் பெற வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு எத்தனை முறை நடக்க வேண்டியிருக்கிறது என்பதை அவர்களைக் கேட்டால் தெரியும். நடையே வாழ்க்கையானவர்களுக்கு இந்த நடைதான் மிகக் கடினமானது.

2004 டிசம்பர் 26-ஐ நம் கரையோர மக்கள் மறக்க இயலாது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆழிப்பேரலைக்கு இரையாயினர். நாகூர் தர்காவின் வாயில் சாதி மதம் பாராமல் திறந்தது. அடைக்கலம் தந்தது, இறந்தோருக்கு மண்ணும் தந்தது. கரையோர ஜமாஅத்துகள் அண்டா அண்டாவாகச் சோறு ஆக்கின. அப்போது இருபதுகளின் நடுவில் இருந்த நானும் அப்பணியில் சில நாள் நின்றேன். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் உள்ளூர்ப் பணியாளர்களுக்கு மன ஆறுதல் தரும் முறையில் பயிற்சி அளித்தனர். சமூகப்பணி மாணவர்கள் பல ஊர்களிலிருந்தும் வந்தனர். உண்மையிலேயே பெரும்பணி அது. ஆயினும் ஒரு முகாமில் ஒரே சிறுவனை மூன்று குழுவினர் அடுத்தடுத்து அமர்த்தி அலையின் படம் வரையச் சொன்னதையும் பார்த்தேன். நான்காவது குழு வந்தபோது அவனே தாளை வாங்கி, கேட்காமலே அலையை வரைந்து நீட்டினான்.

முகாம்களுக்கு வெளியே பிச்சை எடுத்துத் திரிந்த ஆதியன் பிள்ளைகளின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. வலை இழந்தவருக்கு நிவாரணம், படகு இழந்தவருக்கு நிவாரணம் என்ற கணக்கில் இழக்க ஒன்றுமில்லாதவர் எங்கே வருவார்? அப்பிள்ளைகளைக் கண்டு எழுத்தாளர் பிரேமா ரேவதி தொடங்கியதே நாகை அருகே இயங்கிவரும் 'வானவில்' பள்ளி. பூம்பூம் மாட்டுக்காரர், நரிக்குறவர் பிள்ளைகள் அங்கே படிக்கின்றனர். அக்கறை கொண்ட ஒருவர் அருகில் இருந்தால் போதும் என்று கவாய்த் தீவில் கண்டது நம் ஊரிலும் காணக்கூடியதே.

வழக்காடுதலும் மருந்தே

மனவடு ஆறுவதற்கு அமைதியான அறையும் கனிந்த பேச்சும் வேண்டும் என்று பாடநூல்கள் கூறும். நம் மண்ணின் அனுபவம் வேறொன்றையும் கூறுகிறது.

1968 டிசம்பர் 25 இரவில் கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். ஆதிதிராவிடர் என்னும் பெயரிலேயே மண்ணின் ஆதி உரிமை இருக்கிறது என்பதை எண்ணுக. அதற்கு முன்னரே சாணிப்பாலும் சவுக்கடியும் அம்மக்கள் பெற்ற தண்டனைகள். 1940-களில் சீனிவாசராவ் முதலானோர் திரட்டிய எழுச்சியால் அவை ஒழிந்தன. வெண்மணி வழக்கில் தண்டனை பெற்றவர்களை 1973-இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. காந்தியவாதிகளான ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் இணையர் வெண்மணிக்குப் பின் கீழத்தஞ்சைக்கு வந்து தங்கினர். 1981-இல் 'லாப்டி' என்னும் அமைப்பை நிறுவி, நிலவுடைமையாளரிடம் நிலத்தை விலை பேசி வாங்கி ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு, அதுவும் பெண்கள் பெயரிலேயே, பதிவு செய்து கொடுத்தனர். எரிந்த குடிசையின் நினைவை ஆற்ற அவர்கள் கண்ட வழி பட்டா. சமூகப்பணிப் பாடத்திட்டத்தில் இவ்வம்மையாருக்கு ஒரு பாடமேனும் வேண்டும் என்பது என் துணிபு.

தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி மற்றொன்று. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் மலையாளிப் பழங்குடியினரின் ஊருக்குள் புகுந்தனர். பெண்கள் 18 பேர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். ஊரே சூறையாடப்பட்டது. 19 ஆண்டுகள் கழித்து 2011 செப்டம்பர் 29-இல், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிருடன் இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. 2023 செப்டம்பர் 29-இல் உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. முப்பத்தோராண்டுகள் அப்பெண்கள் நீதிமன்றப் படியேறி நடந்ததைச் சொன்னார்கள். சொல்லச் சொல்ல வலித்திருக்கும். ஆனால் அவர்கள் சொன்னது கேட்பதற்குக் கடமைப்பட்ட ஓர் இடத்தில். கள ஆய்வாளரின் குறிப்பேட்டில் சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. ஒருவர் துயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, மதிப்பெண் பெற்றுப் போய்விடுவது ஒருவகைக் கடன். அதைத் திருப்பிச் செலுத்தும் வழியைப் பயிற்சியிலேயே கற்பிக்க வேண்டும்.

இப்போது என் மாணவி களப்பணி மாணவர்களுக்கு வழிகாட்டுகிறாள். முதல் மூன்று வாரம் அவர்கள் குறிப்பேடு எடுத்துச் செல்லக் கூடாது. பிள்ளைகளோடு விளையாடலாம், தண்ணீர் தூக்கலாம், கோட்டாட்சியர் அலுவலகத்துக்குத் துணையாகச் செல்லலாம். நான்காவது வாரம் அக்குடியிருப்பின் பெரியவர் ஒருவர் வகுப்புக்கு வந்து பேசுவார், மாணவர் தரையில் அமர்ந்து கேட்பர். அவருக்கு வருகைப் பேராசிரியருக்குரிய மதிப்பூதியம் தர வேண்டும் என்று அவள் வாதாடிப் பார்த்தாள். விதியில் இடமில்லை என்று பதில் வந்ததாம். தன் ஊதியத்திலிருந்து கொடுக்கிறாள்.

அவளால் என் வகுப்பும் மாறியது. சிங்கனின் பறவை வேட்டையை நடத்தும் நாளிலேயே 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் கரும்பலகையில் எழுதுகிறேன். மாணவர் இன்னும் சிரிக்கவே செய்கிறார்கள், பாட்டு அத்தகையது. பிறகு அமைதியாகிறார்கள்.

சென்ற மாதம் அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தன் பாட்டிக்கு வயது எண்பத்தெட்டைத் தாண்டிவிட்டதாம். வேதாரணியத்து உப்பளத்திலிருந்து மேற்கே பொதிமாடு தங்கிச் சென்ற ஊர்களின் பெயர்களை வரிசையாக வைத்து அவருடைய தாயார் பாடிய பாட்டு ஒன்று அவர் நினைவில் இருக்கிறதாம், முழுதாக இல்லை. தமிழ்த்துறையிலிருந்து யாரேனும் வந்து பதிவு செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறாள். பொங்கல் விடுமுறையில் முதுகலை மாணவர் நால்வரை அழைத்துக்கொண்டு புறப்படுகிறேன். ஒலிப்பதிவுக் கருவியை முதல் நாளே வெளியே எடுக்கக் கூடாது என்று அவளே கடிதத்தின் அடியில் குறித்திருக்கிறாள்.